நான் கழற்றிய சிவப்பு வயர்

மச்சான்,

போன மாதம் மருமகன் கொழும்பிலிருந்து புதுக் காரில் வந்திறங்கினார். நல்ல உச்சி வெயில். முற்றத்தில் காரை விட்டு, பொத்தானை அழுத்தி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, "சுகமா இருக்கிறியளோ மாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருடைய பையை எடுக்க நான் காரடிக்குப் போனேன். எஞ்சின் நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியாதா என்ன, முப்பது வருசமாக வண்டி ஓடுகிறவன் நான். ஆனால் முன்மூடிக்குக் கீழே ஏதோ ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். சூடு முகத்தில் அடித்தது, சத்தம் நிற்கவில்லை.

"தம்பி, உங்கடை கார் இன்னும் நிக்கேல்லை!" என்று கூப்பிட்டேன்.

அவர் வாசலில் நின்று சிரித்தார். "அது எஞ்சின் இல்லை மாமா. டர்போவைக் குளிராக்கிற பம்ப். கார் நிண்டாப் பிறகும் கொஞ்ச நேரம் தண்ணியைச் சுத்தவிட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் தானாச் செய்யும். நாங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் செவிட்டைப் பொத்தி அறைந்த மாதிரி இருந்தது. பையைக் கையில் பிடித்தபடி அந்தப் பம்ப் அடங்கும்வரை வெயிலுக்குள் நின்றேன். தேத்தண்ணி ஆறுகிறது என்று மகள் இரண்டு தரம் கூப்பிட்டாள். நீ என்னிடம் கேட்டது இவ்வளவுதானே மச்சான்? ஓடி வந்த வண்டியை உடனே நிற்பாட்டாதே, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிற்பாட்டு என்றாய். மனிதன் செய்யமாட்டான் என்று கண்டுதான் இப்போது காரிடமே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். மனிதன் என்று ஏன் பொதுவாகச் சொல்கிறேன்? நான் செய்யவில்லை.

உனக்கு நான் எழுதுவது இது இரண்டாம் தரம். முதல் தரம் எழுதியது நீ போன முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டியில் கொடுத்த நினைவு மலரில். அதில் நான் எழுதிய ஒரு வரியை அழிக்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த வரிக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். எனக்கு வாய் நீளம் என்று நீ சொல்லுவாய். இன்றைக்கு அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்.

நாங்கள் இரண்டு பேரும் வண்டி பழகியது மண்ணெண்ணெய்க் காலத்தில். போர் நடந்ததால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடைபோட்டிருந்த வருசங்கள். சேலைன் போத்தலுக்குள் ஒரு வாய் பெற்றோல் வைத்திருப்பாய். அதில் நாலு சொட்டைக் காபரேட்டருக்குள் விட்டுக் கிழட்டுக் காரைக் கிளப்பி, அது இருமிக்கொண்டு எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாய். கொடிகாமம் சந்தை முழுக்கப் புகைமணம். நீ கிளப்பித் தருவாய், நான் ஓடுவேன். அப்போது எனக்கு ஒரு கெட்டித்தனம் இருந்தது. இறங்க வேண்டிய வீட்டு வாசல் படலைக்கு நூறு யார் தூரம் இருக்கும்போதே எஞ்சினை நிற்பாட்டிவிடுவேன். கார் சத்தமில்லாமல் உருண்டு போய்ச் சரியாகப் படலையடியில் நிற்கும். "ஒரு சொட்டுக்கூட வீண்போகாது, பார்" என்று பெருமையடிப்பேன். நீயும் அந்தக் காலத்தில் அதைக் கண்டு சிரித்தாய். நாங்கள் ஏதோ புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பாதை திறந்தது. ஏ ஒன்பது வீதியால் வான்கள் வரத் தொடங்கின. டர்போ என்ற சொல்லை முதலில் எனக்குச் சொன்னவன் நீதான். யாரோ திருத்தத் தந்துவிட்டுப் போன ஒரு டீசல் வானில் என்னை ஏற்றி, ஆனையிறவுப் பக்கம் ஓடச்சொன்னாய். உப்பளத்து நேர்ரோட்டில் காலை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. "உதென்ன கோதாரி வான், நொண்டி மாடு மாதிரி!" என்று நான் வாயைத் திறக்க, நீ என் தோளில் கை வைத்து, "பொறு மச்சான். யோசிக்குது" என்றாய். அடுத்த கணம் யாரோ பின்னால் நின்று உதைந்தது போல வான் பாய்ந்தது. என் தலை ஆசனத்தில் போய் இடித்தது. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். உன்னை அப்படிச் சிரிக்கக் கண்டது குறைவு.

பாலத்தடியில் வானை நிற்பாட்டி, புழுதி படிந்த கண்ணாடியில் விரலால் கீறிக் காட்டினாய். ஒரு விரல்நீளத் தண்டு. அதன் ஒரு நுனியில் ஒரு சின்ன விசிறி, மறு நுனியில் இன்னொன்று. எஞ்சின் வெளியே தள்ளும் புகை முதலாவதைச் சுழற்றும். அதே தண்டில் இருப்பதால் இரண்டாவதும் சுழலும். சுழன்று, வெளிக்காற்றை இழுத்து நெரித்து எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் எண்ணெய் நன்றாக எரியும், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். "வீணாப் போற புகையிலை வேலை வாங்கிறாங்கள், பாத்தியே?" என்றாய். சொட்டுப் பெற்றோலில் கார் கிளப்பிய உனக்கு அந்த யோசனை எவ்வளவு பிடித்திருந்தது என்று உன் முகத்தில் தெரிந்தது.

ஜெர்மனியில் இருந்த உன் ஒன்றுவிட்ட அண்ணை அனுப்பும் பழைய மோட்டார் சஞ்சிகைகளை அகராதியை வைத்து வாசிப்பாய். "உது நேற்று வந்த சாமான் இல்லை மச்சான், நூறு வருசத்துக்கு மேலை" என்று தொடங்குவாய். முதலில் கப்பல்களில் பூட்டினார்கள். விமானங்களிலும், மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு முட்டும், அதற்காக. பிறகு லொறிகளில். காருக்கு வந்தபோது அதைக் கட்டியாளத் தெரியாமல் பட்ட பாட்டையும் சொல்லுவாய். மிதித்தால் யோசித்தது, யோசித்து முடித்தால் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தது, சூட்டில் வெடித்தது, வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிட்டுச் சில வருசம் கழித்துத் திரும்பவும் பூட்டினார்கள். டீசல் கார்களுக்குப் பூட்டியபோதுதான் அது வீட்டுச் சாமானாகியது. நான் கொட்டாவி விடுவேன். "உனக்கு ஓடத்தான் தெரியும், கேக்கத் தெரியாது" என்பாய். எவ்வளவு சரியாகச் சொன்னாய்.

நான் சொந்தமாக வாங்கிய வானும் டர்போ டீசல்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்குவதும் கலியாண ஓட்டமுமாக அது என் குடும்பத்தைத் தாங்கியது. ஒருநாள் அதன் டர்போ தேய்ந்து அலறத் தொடங்கியது. புதிது வாங்க வழியில்லை. நீ கழற்றினாய். கொடிகாமத்தில் சந்தைக்குப் பின்னாலிருந்த உன் கராஜில் மூன்று நாள் அதோடு இருந்தாய்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். அந்த எண்ணெயைக் கொண்டுவருவது ஒரு ஒல்லிக் குழாய். அதை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, வயரால் குத்தி, கழுவி, வெயிலில் காயவைத்தாய். பிறகு ஒரு நுனியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மறு நுனியில் வாயை வைத்து ஊதினாய்.

"காத்து வருதோ?"

"ஓம், வருது."

"வடிவாச் சொல்லு மச்சான், உனக்கு எல்லாம் விளையாட்டு. வருதோ?"

"ஐயோ வருதடா, கை குளிருது!"

அதற்குப் பிறகுதான் பூட்டினாய்.

பூட்டி முடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியையும் வைத்தாய். உடைத்த வான் ஒன்றிலிருந்து எடுத்தது. திறப்பைக் கழற்றினாலும் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பிறகு தானாக நிற்பாட்டும் பெட்டி. பச்சை எழுத்தில் இலக்கம் குறைந்துகொண்டு வரும். "கொழும்பிலிருந்து விடாமல் ஓடிவந்து உடனை நிப்பாட்டினியெண்டால், அந்தச் சூட்டிலை நிக்கிற எண்ணெய் கருகிக் கரியாப்போம். பேந்து எண்ணெய் போற வழி அடைக்கும். உன்னை எனக்குத் தெரியும். நீ பழைய பழக்கத்திலை உருட்டுவாய். அதுக்குத்தான் உது" என்றாய். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். என் வானை நிற்பாட்ட எனக்கு ஒரு பெட்டியா?

பெட்டியோடு சில வருசம் ஒழுங்காகத்தான் ஓடினேன். பிறகு டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசம் வந்தது. போனில் குறியீட்டைக் காட்டி, வாரத்துக்கு அளந்து தந்ததை வாங்கிக்கொண்டு ஓடினோம். நிற்கிற வான் இரைகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. நீ கணக்குச் சொன்னாய்: "ரண்டு நிமிசத்துக்கு ஒரு மூடி டீசல்கூடப் போகாது." நான் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்க் காலம் எனக்குள்ளே இருந்து எழும்பிவிட்டது.

அதோடு மயிலிட்டியில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டுத் திறப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். வான் பேசாமல் இரைந்துகொண்டு நின்றது. பந்தலடியில் நின்ற பெடியள் சிரித்தார்கள். "அண்ணை, உங்கடை வான் உங்கடை சொல்லுக் கேக்காதோ?" என்றான் ஒருத்தன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, நானும் பல்லைக் காட்டினேன். திரும்பும் வழியில் காங்கேசன்துறை ரோட்டோரம் வானை விட்டு, கீழே கையை விட்டு, பெட்டிக்குப் போகும் சிவப்பு வயரைப் பிடுங்கினேன். திறப்பைத் திருகினேன். வான் உடனே அடங்கியது. என்ன சுகமாக இருந்தது தெரியுமா!

அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல், கொழும்பிலிருந்து நேராக ஓடிவந்தாலும் சரி, படலைக்கு முன்னாலேயே நிற்பாட்டி உருட்டினேன்.

ஒருநாள் பின்னால் நீலப்புகை அடிக்கத் தொடங்கியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று நான் யாருக்காவது சொன்னால் நம்பாதே. அடுத்த நாள் காலை உன் கராஜுக்கு வரும் வழியில், மீசாலையில் ஒரு மதிலோரம் வானை நிற்பாட்டி, அந்தச் சிவப்பு வயரைத் திரும்பவும் குத்தினேன். நீ கண்டு ஏசுவாய் என்ற வெட்கம்தான். வேறொன்றும் இல்லை. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்போதும் மறுபக்கம் பார்க்கிறேன்.

இடப்பக்க ஆசனத்தைத் தூக்கி எஞ்சினைத் திறந்தாய். காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே எண்ணெய் ஈரமாகக் கிடக்கிறது என்றாய். நான் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தேன். "மெல்லமா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு." பண்ணினேன். எஞ்சின் எழும்பியது, எழும்பி நிற்காமல் ஏறத் தொடங்கியது. நான் காலை எடுத்துவிட்டேன், அது ஏறியது. திறப்பைக் கழற்றினேன், அது இன்னும் ஏறியது. டர்போவால் கசிந்த எண்ணெயை எஞ்சினே குடித்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் ஓடுகிறது என்று பிறகுதான் நீ சொன்னாய். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அலறலும் புகையும்தான்.

"கியரைப் போட்டுக் கிளச்சை விடு! பிரேக்கை மிதி!" என்று கத்தினாய். செய்திருந்தால் அது அந்த இடத்திலேயே நின்றிருக்கும். நான் கதவைத் திறந்து பாய்ந்து ஓடினேன்.

நீ ஓடவில்லை. கீழே கிடந்த சாக்கை மடித்து, டர்போவின் திறந்த காற்று வாயில் வைத்து அழுத்தினாய். எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றது. சாக்கை அந்த விசிறி உள்ளே இழுத்தபோது உன் வலக்கையையும் இழுத்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும், முதல் மூட்டோடு போயின. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நான் அழுதபோது, "பயம் வந்தால் ஆரும் பாய்வான் மச்சான், விடு" என்றாய். பாய்ந்ததற்கு மன்னித்துவிட்டாய். அதோடு நான் மற்றதையும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நர்ஸ் வந்தா, உன் மனைவி வந்தா, நான் எழும்பித் தேத்தண்ணி வாங்கப் போனேன்.

காயம் ஆறமுன்னமே, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் டர்போவைக் கழற்றினாய். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். தண்டு கரிக்கட்டையாக வந்தது. குழாயும் கரியால் அடைத்துக் கிடந்தது. அதை உருட்டி உருட்டிப் பார்த்தாய்.

"எண்ணெய் போகாமல் கருகியிருக்கு. நீ ஓடி வந்தவுடனை நிப்பாட்டினனியோ?"

"உன்ரை பெட்டி கிடக்கேக்கை நான் எப்பிடி மச்சான் உடனை நிப்பாட்டுறது?"

எழும்பிப் போய்த் திறப்பைத் திருகினாய். பச்சை எழுத்து எரிந்தது. தலையாட்டிக்கொண்டு வந்து இருந்தாய். என்னை நம்பியதால் உனக்கு வேறு வழி இருக்கவில்லை. பிழை உன்னிடம்தான் இருக்கவேண்டும்.

"அப்ப நான் கழுவேக்கை மிஞ்சின கரிதான் நாளடைவிலை சேர்ந்து வழியை அடைச்சிருக்கு. அண்டைக்கு ஊதிப் பாத்தனான். காத்து வந்ததெல்லே? உன்ரை கையிலை பட்டதெண்டு சொன்னனியெல்லே?"

மச்சான், அந்த இடத்தில் ஒரேயொரு சொல் போதும். 'ஓம்' என்று சொன்னால், அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரிந்தது.

"சரியா ஞாபகம் இல்லை" என்றேன். "கொஞ்சம் மெல்லமா வந்த மாதிரித்தான் கிடந்தது."

நீ அந்தக் குழாயைத் துணியால் துடைத்துக் கீழே வைத்தாய். பிறகு, "குறை என்ரை கையிலைதான். உன்ரை வானைக் கெடுத்துப்போட்டன் மச்சான், மனசிலை வைச்சிருக்காதை" என்றாய். விரல் போன கையோடு இருந்து நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான், மடையன், விசரன், என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை" என்றேன்.

வான் தரிப்பிடத்தில் கேட்டார்கள், என்ன நடந்தது என்று. அங்கேயாவது பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவிடவில்லை. "ஆள் கெட்டிக்காரன்தான், ஆனால் எண்ணெய் வழியை வடிவாக் கழுவாமல் பூட்டிப்போட்டான். அவனே ஒப்புக்கொண்டிட்டான்" என்றேன். ஒரு கிழமைக்குள் கதை பரவிவிட்டது. டர்போ வேலை எல்லாம் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் போனது. உன்னிடம் தண்ணீர் பம்பும் மோட்டார் சைக்கிளும்தான் வந்தன. நீ ஒருத்தரோடும் சண்டைக்குப் போகவில்லை. இரண்டொருவர் தெரியாமல் டர்போ கொண்டுவந்தபோதும், "நான் செய்யிறேல்லை" என்று நீயே திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவோம். நாங்கள் தவறு செய்தோம், நாங்கள் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று. சத்தமாகச் சொல்லுவேன். நாங்கள் என்று சொன்னால் எவ்வளவு இலேசு மச்சான்! இருநூறு பேர் அந்தச் சொல்லுக்குள் நிற்கலாம். நான் என்று தொடங்கி ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நீ ஒன்றரை வருசம் இருந்தாய். வாரத்தில் மூன்று நாளாவது உன்னைக் கண்டேன். பின்னேரங்களில் கராஜ் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். கப்பைப் பிடிக்க உனக்கு மோதிரவிரல் பழகிவிட்டிருந்தது. அதைக் கண்டும் நான் வாரக்கூலி, வெயில், கிரிக்கெட் என்று அலம்பினேன். ஒரு காலை உனக்கு நெஞ்சுக்குள் நோ வந்து, ஆஸ்பத்திரி வண்டி வருமுன்னமே முடிந்துவிட்டது.

இப்போது அந்த வரிக்கு வந்துவிட்டேன். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ என்று உன் மனைவி கேட்டா. எழுதினேன். அதில் இப்படி ஒரு வரி: 'தொழிலில் ஒருமுறை கைத்தவறு நேர்ந்தபோதும், அதை மறைக்காது ஒப்புக்கொண்ட நேர்மையாளர்.' அச்சடித்து, உன் படத்தோடு, முந்நூறு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. சடங்கு வீட்டில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "நல்லா எழுதியிருக்கிறியள், அவரின்ரை பெருந்தன்மை கண்ணுக்குள்ளை நிக்குது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று அவர் நினைத்தார். உன்னை நான் உயிரோடு இருக்கும்போது கெடுத்தேன். செத்த பிறகு அச்சடித்தும் கெடுத்தேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். வருகிற கிழமை உன் ஆண்டுத் திவசம். உன் மனைவி சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தா. "அண்ணை, இந்த முறையும் ஒரு சின்ன மடல் எழுதித் தாங்கோவன், அடிச்சுக் குடுப்பம்" என்றா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மயிலிட்டி, சிவப்பு வயர், மீசாலை மதில், காற்று, எல்லாம். இருங்கோ என்று அவ சொல்லவில்லை.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய் அலுமாரி லாச்சியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தா. அந்தத் தண்டு. நீ எறிந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

"நெடுக இதை எடுத்து வைச்சுக்கொண்டிருப்பார்" என்றா. "சாப்பிட்டிட்டு வந்து இருப்பார், இதை உருட்டுவார். எந்த இடத்திலை விட்டன், எந்த இடத்திலை விட்டன் எண்டு. கழுவினதை, ஊதினதை, பூட்டினதை முதலிலையிருந்து ஒவ்வொண்டாச் சொல்லிப் பாப்பார். காத்து வந்தது மாதிரித்தானே இருந்தது எண்டு என்னட்டைக் கேப்பார். எனக்கென்ன தெரியும் அண்ணை? நான் அங்கை நிக்கேல்லையே. நீங்களெல்லோ நிண்டனியள்."

அழாமல் சொன்னா. ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"ஒரு சொல்லு, அண்ணை" என்றா. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்த மனுசன் நிம்மதியாச் சாப்பிட்டிருக்கும்."

"ஓம்" என்றேன்.

"எழுதுங்கோ. இப்ப சொன்னமாதிரியே எழுதுங்கோ, வடிவாக்க வேண்டாம். முதல் புத்தகம் போன வீடு எல்லாத்துக்கும் இதுவும் போகோணும். வான் தரிப்பிடத்திலை நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்." தண்டை என் கையில் வைத்தா. "இதையும் கொண்டுபோங்கோ. இவ்வளவு நாளும் அவர் வைச்சிருந்தது போதும்."

இதை வானுக்குள் இருந்துதான் எழுதி முடிக்கிறேன், கொடிகாமம் தரிப்பிடத்தில். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, உன் பெட்டியில் இலக்கம் குறைந்துகொண்டு வருகிறது. நிற்பாட்டத் தெரியாதவன் என்று இப்போது யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். தண்டு என் சட்டைப் பைக்குள் கிடக்கிறது. விரல்நீளம்தான், ஆனால் நல்ல பாரம். பையை இழுத்துக்கொண்டு நிற்கிறது. நாளைக்கு அச்சகம், திங்கட்கிழமை இந்தத் தரிப்பிடம். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி.

வந்தது மச்சான். காத்து வடிவா வந்தது. என்ரை கை குளிர்ந்தது.